வோல்ற்றர் அண்ணை வீட்டில் பால் காய்ச்சியது

தானம் கொடுக்கப் புறப்பட்ட மனிதனைப்போல ஆபத்தான பிராணி இந்த உலகத்தில் இல்லை. திருடன் வந்தால் பொலிசைக் கூப்பிடலாம். சாமான் விற்கிறவன் வந்தால் கதவைச் சாத்தலாம். 'உங்களுக்கு ஒரு உதவி செய்யப்போகிறேன்' என்று பல்லைக் காட்டிக்கொண்டு ஒருவன் வந்து நின்றால் என்ன செய்யமுடியும்? வோல்ற்றர் அண்ணை பாவம், என்னை நம்பினார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திமூன்று வயது. ரொறன்ரோ நகரத்தின் நடுவில் ஒரு றெஸ்ரோரன்ற் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். (ஊருக்கு எழுதும்போது 'ஹோட்டல் துறை' என்று எழுதுவேன்.) பின்பக்கத்துக் குறுகிய ஒழுங்கையில், நிலத்துக்குக் கீழே இருந்து சூடான காற்று வரும் ஒரு இரும்புக் கம்பித் தட்டின்மேல் வோல்ற்றர் படுத்திருப்பார். ஐம்பது வயது இருக்கும். நரைத்த தாடி, நல்ல சப்பாத்து. அந்தச் சப்பாத்தைக் கழற்றவே மாட்டார். நித்திரையிலும் காலில்தான்.

எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க ஆச்சரியம் தாங்கவில்லை. வெள்ளைக்காரருக்கு வீடில்லாமல் போகுமா? அதுவும் தன்னுடைய சொந்த நாட்டில்? அகதி விசாரணையில் என்னிடம் கேட்காத கேள்வி இல்லை. எங்கே பிறந்தாய், ஏன் வெளிக்கிட்டாய், ஏன் திரும்பிப் போகமாட்டாய், சொந்தக்காரர் எங்கே. இவ்வளவு கேள்விகளை வாங்கி வைத்திருந்த எனக்கு அவற்றை வேறு யாரிடமாவது கேட்டுப் பார்க்கவேண்டும்போல இருந்தது. ஒவ்வொரு இடைவேளைக்கும் ஒரு கோப்பியும் ஒரு கேள்வியுமாகப் போய் நிற்பேன்.

வோல்ற்றர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அவருடைய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, இப்போது என் நினைவில் அவர் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார். அதை இனி மாற்ற முடியாது.

"உங்கட வீடு எப்பிடிப் போனது அண்ணை?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் தம்பி போனது. முதல்ல நாரி நோ வந்து, குனிய ஏலாமல் வேலை போச்சு. பிறகு மனுசி விட்டிட்டுப் போட்டா. பிறகு வாடகை. உன்ர வீடு?"

"ஒரே நாளில போனது."

"ஒரே நாளிலயோ!" என்று வாயைப் பிளந்தார். அன்றைக்கு அவர்தான் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

இரவு தங்கும் விடுதிகளுக்கு அவர் போகமாட்டார். ஒரு தடவை போய்த் தூங்கி எழும்பியபோது சப்பாத்து போய்விட்டதாம். டொன் பள்ளத்தாக்கில் மரங்களுக்கு நடுவே நல்ல மேடான இடம் ஒன்று பார்த்து வைத்திருந்தார். "ஒரு ரென்ற் மட்டும் இருந்தா, மழை துவங்க முதல் அங்க போயிருப்பன். இந்த இருமலோட இன்னொரு மழைக்காலம் ஏலாது தம்பி" என்றார். அந்த இருமலை நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். கூடாரத்துக்கு நான் எங்கே போவேன்?

கூடாரம் என்னைத் தேடி வந்தது.

செப்ரெம்பர் தொடக்கத்து நீண்ட வார இறுதி முடிந்ததும் வேலைக்கு ஆள் பிடிக்கும் ஒரு ஏஜென்சிக்காரன் எங்களில் சிலரை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய பண்ணையில் மூன்று நாள் சங்கீத விழா நடந்து முடிந்ததாம், குப்பை அள்ளவேண்டுமாம். நானும் அத்தானும் போனோம். (அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அக்கா வீட்டில்தான் நான் ஒட்டிக்கொண்டிருந்தேன்.) வான் நின்றதும் எல்லோரும் இறங்கி, அப்படியே நின்றுவிட்டோம். கண்ணுக்கு எட்டிய தூரம் கூடாரங்கள். சிலது நிமிர்ந்து, சிலது விழுந்து. போர்வைகள், அடுப்புகள், ஒற்றைச் செருப்புகள், பாதி சாப்பிட்ட பாண். ஒரு மனிதரையும் காணவில்லை.

அத்தான் மெதுவாகக் கேட்டார்: "எப்ப ஷெல் அடிச்சவங்களாம்?"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் எங்களுக்கு மேற்பார்வையாக வந்த பெண்பிள்ளை சிரித்தாள். ஒருவரும் அடிக்கவில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றாள். அப்படியானால் ஏன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள் என்று கேட்டோம். ஈரமாக இருந்ததாம். மடித்து எடுத்துக்கொண்டு போகப் பஞ்சியாம்.

அன்றைக்கு முழுக்க அத்தான் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "வீடு வாசல் இருக்கிறவன் காசு குடுத்து வந்து ரென்ற்றுக்குள்ள படுக்கிறான். பிறகு அதை எறிஞ்சுபோட்டுப் போறான். அகதி முகாமில நான் ரென்ற்றுக்குள்ள இருந்த நாளில ஒரு ஆணியைக்கூட எறிஞ்சிருக்க மாட்டன்."

வேண்டியதை எடுக்கலாம், மிச்சம் குப்பைக்குத்தான் என்று அந்தப் பெண்பிள்ளை சொன்னாள். நான் நல்ல நீலக் கூடாரம் ஒன்றும், கிழிந்த செம்மஞ்சள் கூடாரம் ஒன்றும், நித்திரைப் பைகளும், ஒரு சின்னக் காஸ் அடுப்பும் எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போதே மனதுக்குள் பேச்சுத் தயாராகிவிட்டது. நான் நீலக் கூடாரத்தை நீட்டுவேன், வோல்ற்றர் கண் கலங்குவார், அத்தான் படம் எடுப்பார். படம் ஊருக்குப் போகும்: 'கனடாவில் வெள்ளைக்காரருக்கு வீடு வழங்கும் ரமணன்.'

அஜின்கோர்ட்டில் ஆறாம் மாடியில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்ற் வாசலிலேயே அக்கா தடுத்துவிட்டாள்.

"ஆர் ஆர் படுத்த சாமானோ! நேர குளியலறைக்குக் கொண்டுபோ."

தொட்டியில் போட்டு, சவுக்காரம் போட்டு, பிறகு மஞ்சள் தண்ணீர் வேறு தெளித்தாள். நீலக் கூடாரத்தில் ஆங்காங்கே பச்சைத் தேமல் விழுந்தது. பல்கனியில் காயப்போட்டுவிட்டு, இது யாருக்கு என்று விசாரித்தாள். நான் முழுக் கதையையும் சொன்னேன். இருமலையும் சொன்னேன். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்:

"எப்ப பால் காய்ச்சிறது?"

"என்ன பால்?"

"உது அந்தாளுக்கு வீடெல்லே? பால் காய்ச்சாமல் ஆரும் புது வீட்டுக்குக் குடிபோறதோ?"

"அக்கா, உது ரென்ற்."

"படுத்தெழும்பிற இடம் வீடுதான். முதல் இருந்த வீட்டில அந்த மனுசனுக்கு ஏன் ஒண்டும் சரிவரேல்லை எண்டு நினைக்கிறாய்? பால் காய்ச்சியிருக்க மாட்டார்."

அத்தானைப் பார்த்தேன். அவர் பல்கனிப் பக்கம் போய்விட்டார். (கல்யாணமாகி எட்டு வருட அனுபவம்.)

அக்கா குசினியில் தொங்கிய பஞ்சாங்கக் கலண்டரைப் பார்த்து ஞாயிறு காலை நல்ல நேரம் என்று முடிவு செய்தாள். மூன்றாம் மாடி பாக்கியம் அன்ரியிடம் குத்துவிளக்கு இரவல் வாங்கி வந்தாள். எதற்கு என்று அன்ரி கேட்டதற்கு "சின்னதா ஒரு பால் காய்ச்சல்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வசனம் போதும். அன்று பின்னேரத்துக்குள் நாங்கள் வீடு வாங்கிவிட்டோம் என்று கட்டடத்திலுள்ள அத்தனை தமிழருக்கும் தெரிந்துவிட்டது. வீடு றிச்மண்ட் ஹில்லில், கோயிலுக்குப் பக்கத்தில் என்றுகூட யாரோ கண்டுபிடித்திருந்தார்கள்.

வீட்டுக்காரர் இல்லாமல் பால் காய்ச்ச முடியாது. எனவே ஞாயிறு காலை நான் போய் வோல்ற்றரைச் சுரங்க ரயிலிலும் பிறகு பஸ்ஸிலும் ஏற்றிக் கூட்டி வந்தேன். வழி நெடுக அவர் கேள்வி கேட்டார். இப்போது கேட்பது அவருடைய முறை.

"ஏன் பால்?"

"பொங்கவேணும்."

"வழிஞ்சு ஊத்தினா வீண்தானே?"

"வழியவேணும் அண்ணை. எந்தப் பக்கம் வழியுது எண்டு பாப்பினம். கிழக்கால வழிஞ்சா நல்லது."

"சாம்பிராணி எண்டியே, அது?"

"அந்தப் புகைக்கு வீட்டில இருக்கிற கெட்டதெல்லாம் வெளியில போயிடும்."

"எனக்கு ஒருத்தரும் உதெல்லாம் சொல்லித் தரேல்லை" என்றார்.

நாங்கள் வந்தபோது அத்தான் கூடத்துக் கதிரைகளையெல்லாம் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டு, நடுக் கூடத்தில் நீலக் கூடாரத்தை நிறுத்தியிருந்தார். எந்தக் கம்பி எங்கே போகவேண்டும் என்று அத்தானுக்கும் அக்காவுக்கும் தெரியாததால் ஒரு பக்கம் சரிந்துதான் நின்றது. வாசலில் மாவிலைக்குப் பதிலாக மேப்பிள் இலை கட்டியிருந்தது. அக்கா பட்டுச் சேலை. நான் படத்துக்காகப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டேன். அந்த வேட்டியை ஊரிலிருந்து கொண்டுவந்த நாள் முதல் கட்டச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. என் புத்தி அன்றைக்குத்தான் அதை எடுத்தது.

"சப்பாத்தைக் கழட்டவேணும் அண்ணை" என்றாள் அக்கா.

வோல்ற்றர் தயங்கினார். பிறகு குனிந்து கழற்றி, இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஏன் என்று அக்காவுக்கு நான் ஏற்கனவே சொல்லியிருந்தேன். "மடியில வைச்சிருங்கோ, பரவாயில்லை. வலது கால வைச்சு வாங்கோ."

வலது காலை வைத்து வோல்ற்றர் தன் வீட்டுக்குள் போனார். சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு சப்பாணி கட்டி உட்கார்ந்தார். அக்காவும் உள்ளே போனாள். பால் பானை, காஸ் அடுப்பு, குத்துவிளக்கு, சாம்பிராணித் தட்டு எல்லாம் அவளோடு போயின. (கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டினால் உயிருக்கே ஆபத்து என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு ஒரு முழு நாள் அளவுக்கு ஒருவர் விளங்கப்படுத்தினார்.) சாம்பிராணி வெளியே போய்விடக் கூடாது, வீட்டுக்குள்ளே நிறையவேண்டும் என்று அக்கா சொன்னாள். எனவே நான் வெளியே குந்தியிருந்து வாசல் சிப்பை ஒரே இழுவையாக இழுத்து மூடினேன்.

சிப் கூடாரத்தை மட்டும் மூடவில்லை. என் வேட்டியின் சரிகைக் கரையையும் சேர்த்து ஒரு சாண் அளவுக்கு விழுங்கிவிட்டது.

முதலில் நான் யாருக்கும் சொல்லவில்லை. மெதுவாக இழுத்துப் பார்த்தேன். பிறகு பலமாக இழுத்தேன். உள்ளே இருமல் கேட்டது.

"தம்பி, சிப்பைக் கொஞ்சம் திற. புகை கூடிப்போச்சு."

"திறக்கிறன் அக்கா."

"திற எண்டு சொல்றன்!"

"வேட்டி கொழுவிப்போச்சு அக்கா."

கூடாரத்தின் உச்சியில் காற்றுப் போக இருந்த வலைத் துணி வழியாக வெள்ளைப் புகை நேரே மேலே கிளம்பியது. அதற்கு நேர் மேலே, முகட்டில், எங்கள் கட்டடத்தின் புகை எச்சரிக்கைக் கருவி இருந்தது. கூடாரம் கட்ட அதைவிடப் பொருத்தமான இடத்தை அத்தான் தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

மணி அடிக்கத் தொடங்கியது. எங்கள் வீட்டில் மட்டும் அல்ல, ஒவ்வொரு மாடியிலும். அத்தான் கூடாரத்தின் மற்றப் பக்கத்தைக் கிளப்பிப் பார்த்தார், அவர் கட்டியதை அவராலேயே அவிழ்க்க முடியவில்லை. கத்தி எடுக்கக் குசினிக்கு ஓடி, திரும்பி வரும்போது கரண்டியோடு வந்தார். பயத்தில் மனிதருக்கு என்னென்னவோ வரும். அக்காவை அடுப்பை நிற்பாட்டச் சொல்லி நான் கத்தினேன்.

"இன்னும் பொங்கேல்லை!" என்று உள்ளே இருந்து பதில் வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு தீயணைப்புக்காரர்கள் இருவர் வந்தார்கள். அவர்கள் கண்ட காட்சியை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். ஆறாம் மாடிக் கூடத்தில் புகை கக்கும் ஒரு கூடாரம். வாசலில் இலை. அதோடு சேர்த்துக் கட்டப்பட்டதுபோல ஒரு வாலிபன். பக்கத்தில் கரண்டியோடு ஒரு மனிதர். உள்ளே இருந்து ஒரு பெண்ணின் குரல், தமிழில் மந்திரம்போல ஏதோ சொல்கிறது. (உண்மையில் அது என்னைத் திட்டியது.)

முன்னால் வந்தவர் ஒரு கத்தியை எடுத்து, கூடாரத்தின் பின்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கிழியாகக் கிழித்தார். புகை வெளியே வந்தது. அதன் பிறகு அக்கா வந்தாள், கையில் பானையோடு.

"பொங்கீட்டுது. கிழக்காலதான் வழிஞ்சது!"

அடுத்ததாக வோல்ற்றர் சப்பாத்துகளோடு வந்தார். கத்தி கடைசியாக என் பக்கம் திரும்பியது. வேட்டி இரண்டாகியது. பெரிய துண்டு சிப்போடு தங்கிவிட்டது. பக்கத்தில் கிடந்தது ஒரு நித்திரைப் பைதான். அதற்குள் இறங்கி, கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, லிப்ற் வேலை செய்யாததால் ஆறு மாடிப் படியையும் தத்தித் தத்தி இறங்கினேன். ஒவ்வொரு மாடியிலும் தெரிந்த முகங்கள்.

கீழே புல்வெளியில் கட்டடமே நின்றது. கட்டடப் பொறுப்பாளர் சாவிகள் கிலுங்கும் திறப்புக் கோர்வையை ஆட்டிக்கொண்டு சத்தம் போட்டார். அடுப்பைப் பற்றி நீண்ட நேரம் புத்தி சொல்லி முடித்த தீயணைப்புக்காரர், அந்தக் கூடாரம் யாருடையது என்று கேட்டார். அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் வோல்ற்றரைக் காட்டினாள்.

"ஓம், என்ர வீடுதான்" என்றார் வோல்ற்றர். "இண்டைக்குத்தான் குடிவந்தனான்."

"அந்தப் புகை எதுக்கு?"

"வீட்டில இருக்கிற கெட்டதெல்லாம் வெளியில போறதுக்காம்."

தீயணைப்புக்காரர் புல்வெளியில் நின்ற சனத்தைச் சுற்றிப் பார்த்தார். "எல்லாரும் வெளியில போட்டினம்" என்றார்.

வோல்ற்றர் பொறுப்பாளரிடம் திரும்பி மிக மரியாதையாக மன்னிப்புக் கேட்டார். "இனி இப்பிடி நடவாது ஐயா. நான் இந்தக் கிழமையே வீட்டை வேற இடத்துக்கு மாத்திறன்." பொறுப்பாளர் திறப்புக் கோர்வையைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

இவ்வளவும் நடக்கும்போது எங்கள் சனம் சும்மா நிற்கவில்லை. பால் காய்ச்சும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதே. நாங்கள் அழைக்காமலே வருவதற்காகச் சுற்றி வைத்திருந்த பரிசுகளை, மணி அடித்ததும் கையில் தூக்கிக்கொண்டுதான் இறங்கியிருந்தார்கள். நெருப்பில் எதைக் காப்பாற்றுவது என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்துச் சனத்தின் பதில் அது. வீட்டுக்காரர் யார் என்று தெரிந்ததும் பாக்கியம் அன்ரி ஒரு கணம் திகைத்தார். பிறகு நேரே வோல்ற்றரிடம் போய்த் தன் பெட்டியைக் கொடுத்தார்.

சுவர்மணிக்கூடு. இரண்டு அன்னங்கள் நீந்தும் படம் போட்டது. (அது அன்ரிக்கு யாரோ கொடுத்தது. அவருக்குக் கொடுத்தவருக்கும் யாரோ கொடுத்ததாக இருக்கும்.)

வோல்ற்றர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல வடிவு. ஆனா எங்க மாட்டுறது?"

அவர் சிரித்துக்கொண்டே மணிக்கூட்டைக் கோட்டுக்குள் வைத்தார். அதன் பிறகு வோல்ற்றர், அத்தான் கீழே கொண்டுவந்திருந்த கூடாரத்தை விரித்து, அந்தக் கிழிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். இருமினார். வானம் மூடிக் கிடந்தது. நித்திரைப் பைக்குள் நின்ற எனக்கு அப்போதுதான் வெட்கம் வந்தது, வேட்டி போனதற்கு அல்ல. ஒரு நாள் தாமதிக்காமல் ஒழுங்கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அவர் இந்நேரம் மழை படாத இடத்தில் இருந்திருப்பார். படத்துக்கு ஆசைப்பட்டு அவருடைய வீட்டை இடித்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, கண்ணைத் துடைக்கக் கையை வெளியே எடுக்க முடியவில்லை.

"இதைத் தைக்கலாமோ?" என்று வோல்ற்றர் கேட்டார்.

அக்கா தொழிற்சாலையில் குளிர்கோட்டுத் தைக்கிறவள். மறுநாள் இரண்டு கூடாரங்களையும் வேலைக்குக் கொண்டுபோனாள். கிழிந்த செம்மஞ்சள் கூடாரத்தின் சிப்பைக் கழற்றி, நீலக் கூடாரத்தின் கிழிசலில் வைத்து, செம்மஞ்சள் துணியால் விளிம்பு கட்டி, இரண்டு தையல் போட்டுக் கொண்டுவந்தாள். குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டு உள்ளே தானே உட்கார்ந்து பார்த்தாள். ஒரு துளி விழவில்லை.

பெருமழை பிடிப்பதற்கு முதல் நாள் நான் அதைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேச்சும் இல்லை, படமும் இல்லை. வோல்ற்றர் புதிய சிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கூடாரத்துக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பார், இந்தப் பள்ளத்தாக்கிலேயே பின்வாசல் உள்ள வீடு என்ர மட்டும்தான்."

அந்தக் குளிர்காலத்தின் மிக மோசமான நாட்களில் அவரை எப்படியாவது உள்ளே கொண்டுவரவேண்டும் என்று நாங்கள் பட்ட பாடு வேறு கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சோறு சாப்பிட்டார். சப்பாத்தை முதலில் மடியில், பிறகு கதிரைக்குக் கீழே, கடைசியில் எங்களைப்போல வாசலில் கழற்றி வைத்தார்.

அடுத்த வருடம் வசந்தத்தில் ஒரு நாள் தொலைபேசி அடித்தது. எடுத்தவுடன் வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை.

"தம்பி, சுவர் கிடைச்சிட்டுது."

எனக்கு விளங்கவில்லை. "என்ன சுவர் அண்ணை?"

"மணிக்கூட்டுக்கு. அறை குடுத்திட்டாங்கள். நாலு பக்கமும் சுவர். கதவுக்குத் திறப்பும் தந்தவங்கள். அக்காட்டைச் சொல்லு, பானையோட வரச்சொல்லி. நீயும் வா. காற்சட்டை போட்டுக்கொண்டு வா."

போனோம். அக்கா காய்ச்சினாள், முறையான மின் அடுப்பில், சாம்பிராணி இல்லாமல். பால் எந்தப் பக்கம் வழிந்தது என்று எனக்கு நினைவில்லை. நாங்கள் எல்லோரும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் வீடு வாங்கினேன் என்று சொல்வதில்லை. போன மாதம் என் மகள் விட்பி நகரத்திலிருந்து கூப்பிட்டாள். இங்கே பிறந்தவள். வோல்ற்றரைப் பார்த்ததும் இல்லை.

"அப்பா, சுவர் கிடைச்சிட்டுது!" என்று கத்தினாள். நான் ஏதாவது சொல்வதற்கு முன் அவளே தொடர்ந்தாள். "பட் ப்ளீஸ் அப்பா, நோ வேட்டி."